ஆடி போர்டில் அழியாத வரி

லூர்துமேரிக்கு மறதி கிடையாது. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, டிப்ளமா முடித்து, கிண்டி எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் உட்கார்ந்து தி.நகர் கடைகளின் ஓடும் எழுத்து போர்டுகளைப் பழுது பார்ப்பவள். அப்பா கடலோடு போனபின் தங்கை அனுவை வளர்த்தது அவள்தான். அந்தத் தங்கையை ஒருத்தர் ஒரு சொல் சொன்னால் சும்மா விடுவாளா?

போன ஆடியில் சொன்னார் ஜவஹர் அண்ணாச்சி. அவருடைய ஜவுளிக்கடையில்தான் அனு சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பட்டுச்சேலையைக் காணோம் என்றதும், வாடிக்கையாளர் முன்னால் அவள் பையைத் தரையில் கொட்டவைத்து, "குப்பத்துப் புத்தி எங்க போவும்?" என்றார். மறுநாள் சேலை கடைப் பொம்மையின் தோளிலேயே கிடைத்தது. என்ன செய்தார் மகராசன்? மடித்து அலமாரியில் வைத்தார். மன்னிப்பா? மூச்! திருடி என்ற பெயர் அனுவோடு ஒட்டிக்கொண்டது. தெருவில் வேறு எந்தக் கடையும் அவளைச் சேர்க்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள்.

அனுவுக்கு அக்கா உண்டா, அண்ணன் உண்டா என்று அண்ணாச்சி என்றைக்குக் கேட்டார்? இந்த ஆடிக்கு முன்னால் தன் கடை வாசல் போர்டை லூர்துமேரியிடமே பழுதுக்கு அனுப்பினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

போர்டின் வாசகத்தை வைத்திருப்பது ஒரு பழைய ஸ்டாட்டிக் ராம் நினைவகச் சிப். அதன் கால்களைப் பின் என்பார்கள். அட்ரஸ் பின்கள் எழுத்து சிப்புக்குள் எந்த அறையில் என்று சொல்லும். டேட்டா பின்கள் வழியாக எழுத்து உள்ளே போகும், வெளியே வரும். காவலுக்கு மூன்று பின்கள்: ஒன்று சிப்பையே எழுப்பும், ஒன்று உள்ளே இருப்பதை வெளியே விடும், ஒன்று புதிதாக எழுத விடும். மூன்றுக்கும் தலைகீழ்ப் புத்தி. வோல்டேஜ் இறங்கினால்தான் வேலை செய்யும். கரண்ட் போனாலும் ஒரு சின்ன பேட்டரி எழுதியதைக் காப்பாற்றும்.

லூர்துமேரி அதில் ஒரு வரி எழுதினாள். பிறகு எழுத விடும் பின்னைத் தூக்கி, ஐந்து வோல்ட்டோடு சேர்த்து, சால்டரிங் அயர்னால் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். இனி அது இறங்கவே இறங்காது. படிக்கலாம், மாற்ற முடியாது.

"எங்க, இப்ப அழி பாப்போம்!" என்றாள், அண்ணாச்சி எதிரே நிற்பதைப்போல.

ஆடி முதல் நாள். அண்ணாச்சி கற்பூரம் காட்டி போர்டின் சுவிட்சைப் போட்டார். அவர் அப்பா காலத்து வழக்கம் ஒன்று உண்டு: ஆடிக்கு ஏற்றிய கடை விளக்கு எதையும் மாதம் முடியும்வரை அணைக்கக் கூடாது, அணைத்தால் வியாபாரமும் அணையும். இதை அனு எப்போதோ வீட்டில் சொல்லியிருந்தாள். தள்ளுபடிக்குக் காத்திருந்த கூட்டம் வாய்விட்டுப் படித்தது: "அனு திருடவில்லை. சேலை எங்கள் கடையிலேயே இருந்தது."

சிப்பந்தி கீபோர்டில் தட்டித் தட்டிப் பார்த்தான். அட்ரஸ் சிப்புக்குப் போயிற்று, எழுத்தும் போயிற்று; உள்ளே பதியவில்லை. எழுதும் பின் இறங்கினால்தானே! அண்ணாச்சி ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி மூடினார். சிவப்பு எழுத்து வேட்டிக்குள்ளிருந்தும் பளிச்சென்று ஓடியது. தெருவே சிரித்தது.

போன் போட்டார். லூர்துமேரி அனுவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன செஞ்சேன்? அதை அழிச்சிரும்மா, புண்ணியமாப் போவும்!"

"எனக்கு ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. இவ என் தங்கச்சி. பைய எங்க கொட்டுன? அங்கயே நின்னு, எல்லாரு காதுலயும் வுழறாப்புல சொல்லு. அப்பால சிப்புல பூட்டுன பின்ன எடுத்து வுட்டுர்றேன், அழிச்சுக்கலாம். இல்லாங்காட்டி சுவிட்சு உன் கையிலதான கீது, அணைச்சுக்கோ."

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? அண்ணாச்சி பையைக் கொட்டிய இடத்தில், பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "தப்பு என் பேர்லதான். அந்தப் பிள்ள எடுக்கல. மன்னிச்சிரு தாயி."

லூர்துமேரி சொன்ன சொல் தவறாதவள். வாசலுக்கு வந்து ஏணியில் ஏறி, சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாள்.

"யக்கா, எறங்கு," என்றாள் அனு.

"இன்னாடி?"

"இவுரு சொன்னத உள்ள இருந்தவங்கதான் கேட்டாங்க. என்னைத் திருடின்னவங்க தெரு பூரா கீறாங்க. ஆடி முடியட்டும்."

லூர்துமேரி அயர்னைப் பைக்குள் போட்டாள். போர்டை மூடியிருந்த வேட்டியை மட்டும் அவிழ்த்து, மடித்து, அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.