மரியாதைக்குச் சொன்னேன், ஃபிளைட் சீட்டு போச்சு

இந்நேரம் இலங்கைல தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல நின்னு போட்டோ போட்டிருக்க வேண்டிய நானு, பீளமேட்டுல துணி காயப்போட்டுட்டு வந்து இதை எழுதறேன்.

யாரையும் குத்தம் சொல்ல முடியாது. எல்லாம் என்ற வாயாலதான்.

எங்க சர்ச்சுல இருந்து ஒரு சின்ன டீம், இலங்கை மலைநாட்டுல இலவச கண் முகாம் நடத்தறதா பிளான். தோட்டத்துல கொழுந்து பறிக்கறவங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் கண்ணு செக் பண்ணி, கண்ணாடி குடுத்துட்டு வரணும்.

டீம்ல நாலு பேரு. கண் டாக்டர் விமலாக்கா. கண்ணாடிக் கடை வெச்சிருக்கற பாஸ்கர். மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆன ஜேக்கப் அண்ணன் (வேன், தங்கற எடம், சாப்பாடு அவரு பொறுப்பு).

அப்புறம் நானு. கணக்கும் போட்டோவும்.

எனக்கு இதுதான் முதல் வெளிநாடு. முதல் ஃபிளைட்டும் இதேதான். பாஸ்போர்ட் வந்த அன்னிக்கே தெரு பூரா சொல்லியாச்சு. காய்கறிக்காரர் வரைக்கும் "எப்பங்க கெளம்பறீங்க"ன்னு கேட்டுட்டு இருந்தாரு.

பட்ஜெட் போட்டதும் நான்தான். திருச்சி வரைக்கும் வேன், அங்கிருந்து கொழும்புக்கு ஃபிளைட், விசா, அங்க மலையேற ஒரு வேன், மருந்து, கண்ணாடி. எல்லாம் கச்சிதமா உக்காந்துச்சு.

அப்புறம் டிக்கெட் விலை ஏறுச்சு.

(எறங்கும்னு காத்திருந்தோம். இன்னும் கொஞ்சம் ஏறுச்சு.)

வேற வழியில்லாம பெரியவங்களுக்கு வாங்க இருந்த வெள்ளெழுத்துக் கண்ணாடிய பட்ஜெட்ல இருந்து எடுத்துட்டோம். பிள்ளைங்களுக்கு மட்டும் இருக்கட்டும்னு. யாருக்கும் மனசே இல்ல.

போன மாசம் ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு சர்ச் ஹால்ல கடைசி மீட்டிங். மேசை மேல லேப்டாப். அதுல வீடியோ கால்ல சகாயமேரி டீச்சர். முகாமுக்கு அங்க எல்லா ஏற்பாடும் செய்யறது அவங்கதான்.

விமலாக்கா கேட்டாங்க, "வேற எங்கியாவது கொறைக்க முடியுமாங்க?"

"ஜேக்கப் அண்ணன் ஒரு பெட்டி நெறைய அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சாமான் கட்டியிருக்காருங்க. அதுக்கே தனி லக்கேஜ் சார்ஜ் வருது"ன்னேன்.

"ஏனம்மணி, போற எடத்துல வவுறு கெட்டுப்போனா யாரு பாக்கறது?"

"அண்ணா, அங்கயும் சோறுதானுங்க திங்கறாங்க."

பெட்டி பாதியாச்சு. அப்பவும் காசு பத்தல.

விமலாக்கா மெதுவா சொன்னாங்க, "ஒரு ஆள் கொறைஞ்சா அந்தக் கண்ணாடியெல்லாம் வாங்கிப்போடலாமுங்க."



இங்கதான் எங்க கொங்கு ஊர்ப் பழக்கத்தைச் சொல்லணும். காபி குடிக்கறீங்களான்னு கேட்டா ஒடனே சரின்னு சொல்லிரக் கூடாது. "இப்பத்தானுங்க குடிச்சேன்"னு சொல்லணும். அவங்க "அட, அரை டம்ளருங்க"ன்னு சொல்லணும். நாம மறுபடி "வேண்டாங்க"ன்னு சொல்லணும். அதுக்கப்புறம் முழு டம்ளரும் குடிக்கணும்.

அந்த முறைப்படி ஜேக்கப் அண்ணன் ஆரம்பிச்சாரு. "நான் வேணா நின்னுக்கறனுங்க."

"அதெப்படிங்க, நீங்க இல்லாமயா"ன்னு எல்லாரும் சேந்து சொன்னோம்.

அடுத்து பாஸ்கர். "நான் வேணா..."

"அதெப்படிங்க தம்பி, கண்ணாடிய யாரு பொருத்தறது?"

என்ற முறை வந்துச்சு. நானும் தலையைக் குனிஞ்சுட்டு, கொரலைக் கொஞ்சம் கொழைச்சு, "நான் வேணா இருந்துக்கறனுங்க. நீங்கெல்லாம் போய்ட்டு வாங்க"ன்னேன்.

சொல்லிட்டு அந்த "அதெப்படிங்க"வுக்காகக் காத்திருந்தேன்.

வந்தது லேப்டாப்ல இருந்து.

"அக்கா, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!" சகாயமேரி டீச்சருக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள பின்னாடி திரும்பி, "பெரியவங்களுக்கும் கண்ணாடி வருதாம்"னு சத்தமா சொல்லிட்டாங்க. அங்க யாரோ கை தட்டறது இங்க கேக்குது.

ஜேக்கப் அண்ணன் "அதெப்..." வரைக்கும் வந்து அப்படியே முழுங்கிட்டாரு.

ஊட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரர் கிட்டச் சொன்னேன். சிரிச்சு சிரிச்சு அவருக்குப் புரையேறிருச்சு. "உன்னைய யாரம்மணி அங்க கொங்குத் தமிழ் பேசச் சொன்னது?"

எனக்குச் சிரிப்பு வரல. சமையக்கட்டுல நின்னு கொஞ்ச நேரம் அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், நெசமாவே ஆசையா இருந்துச்சு.

ஆனா அடுத்த நாள் பட்ஜெட்ட மறுபடி தொறந்து என்ற டிக்கெட்ட அழிச்சுட்டு, அந்த எடத்துல கண்ணாடின்னு டைப் பண்ணினப்போ, மொத்தக் கணக்கும் சரியா வந்துச்சு. கணக்கு பாக்கற பொம்பளைக்கு அதுல ஒரு சொகம் இருக்குதுங்க.

டீம் கெளம்பிப் போயிருச்சு. போட்டோ பாஸ்கர் எடுக்கறாப்ல (பாதில அவரு வெரலும் சேந்து வருது).

நேத்து மத்தியானம் வீடியோ கால் வந்துச்சு. புதுக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பேரு ராசம்மா, போனை மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டுபோய் என்னைய உத்துப் பாத்தாங்க. சகாயமேரி டீச்சர் "இவங்கதான் அவங்க சீட்ட விட்டுக் குடுத்தவங்க"ன்னு சொன்னாங்க.

ராசம்மா சொன்னாங்க, "இன்னைக்குக் காலைலதாம்மா அரிசியில கல்லப் பாத்தேன். என் மருமக நல்லா பொறுக்குறாள்னு இத்தன நாளா ஊரெல்லாம் பெருமை பேசிட்டு இருந்திருக்கேன்."

அங்க எல்லாரும் சிரிக்கறாங்க. இங்க நானும் சிரிக்கறேன். ஒரு பக்கம் கண்ணுல தண்ணியும் வருது.

"அடுத்த முறை நீங்களும் வாங்கம்மா. எங்க வீட்டுலயே தங்கலாம்."

"கண்டிப்பா வாரேனுங்க"ன்னு ஒடனே சொல்லிப்போட்டேன்.

பின்னாடி இருந்து ஜேக்கப் அண்ணன் கொரலு. "அட அம்மணி, ஒருக்காவாச்சும் வேண்டாம்னு சொல்லோணுமல்ல?"

சொல்ல மாட்டனுங்க அண்ணா. கூட யாரு லைன்ல இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்.

ஏனுங்க, உங்க ஊர்ல எத்தனை தடவை "வேண்டாங்க" சொல்லலாம்? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த முறை கெளம்பறதுக்குள்ள நான் பழகிக்கோணும்.