கைது குறைந்ததற்கு நான் எழுதிய விளக்கம்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு காவல் நிலையத்தில் சில வருடம் நான் ரைட்டராக இருந்தேன். வழக்கு, கைது, அபராதம் எல்லாம் என் பேனா வழியாகத்தான் மேலே போகும். மாதக் கூட்டத்துக்கு முன்னால் மெமோ வரும்: போன மாதம் இவ்வளவு, இந்த மாதம் இவ்வளவு, ஏன் என்று விளக்கம் எழுது. குறைந்தாலும் கேட்பார்கள், கூடினாலும் கேட்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

ஹெல்மெட் கேஸ் என்றால் சுலபம். ஒரு மாதம் சலான் போடும் மிஷின் கெட்டுப்போய் இரண்டு வாரம் பீரோவில் கிடந்தது. "பொதுமக்களிடம் விழிப்புணர்வு பெருகியதால் குறைந்துள்ளது" என்று எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை, மெச்சிக்கொண்டார்கள்.

சிக்கல் எல்லாம் பெண்டாட்டியை அடித்த கேஸ்களில்தான். நான் நெல் விளையும் ஊர்க்காரன். ஏரிப் பழக்கமெல்லாம் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். இறால் ஓடும் நல்ல இடங்களில் வலை கட்ட மீனவ ஊர்கள் முறை வைத்திருக்கின்றன. அதைப் பாடு என்பார்கள். பாடு வந்த நாளில் வீட்டு ஆண் வலையோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த முறை போனது போனதுதான், சுற்று முடிந்துதான் அடுத்தது. இது தெரிந்த பிறகு, புருஷன் அடித்தான் என்று யார் வந்தாலும் மனு வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன். "உங்க பாடு எப்போம்மா?" நாளைக்கு, நாளன்னிக்கு என்பாள். "அப்போ பாடு முடிச்சிட்டு வாம்மா. இப்போ அவன உள்ள வச்சா உனக்குத்தானே கஷ்டம்?" தலையாட்டிவிட்டுப் போவாள். எவ்வளவு நல்ல மனசு எனக்கு என்று நானே நினைத்துக்கொள்வேன். போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. சமாதானமாகிவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு தடவை இரண்டு ஊருக்கு நடுவில் இடத் தகராறு முற்றி, பேச்சுவார்த்தை முடியும்வரை பாடே நிறுத்தப்பட்டது. அந்த மாதம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கைது எகிறியது, கூடவே மெமோவும் வந்தது. வேலையில்லாத ஆண்கள் குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிறார்கள், பாடு தொடங்கினால் குறைந்துவிடும் என்று எழுதினேன். அதிகாரி கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு, "இவன்தான்யா ஊரப் புரிஞ்சவன்" என்றாராம். இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில்தான், மனு கொடுக்க வந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். இறால் விற்கிறவள். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. முன்பே ஒருமுறை வந்து, நான் பாடு சொல்லி அனுப்பியவள்.

"வேலை இல்லேன்னா இப்படித்தான் அடிப்பானுங்க, இல்லம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார் பேசற? பாடு இருக்கச் சொல்லவும் அடிச்சிக்கினுதான் இருந்தான். அப்போ உள்ள வச்சா பாடு பூடும், பசங்க இன்னா துன்னும்? இப்போ பாடு இல்ல, அதான் எல்லாரும் வரோம். நீதானே சார் பாடு முடிச்சிட்டு வான்னு சொன்ன?"

மனுவை வாங்கிக்கொண்டேன். அவள் புருஷனைக் கைது செய்தோம், சில நாளில் ஜாமீனில் வந்துவிட்டான்.

தகராறு தீர்ந்து பாடு மறுபடி தொடங்கியது. மனுக்கள் நின்றுபோயின. நான் எழுதியபடியே குறைந்துவிட்டது என்று அதிகாரி போனில் பாராட்டினார். "சரிங்கய்யா" என்றேன். வெட்கமாக இருந்தது. எழுதியது தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் அதே பெண் வந்தாள். மூச்சிரைத்தது. வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள், மணிக்கட்டு வீங்கிக் கோணிப்போயிருந்தது. உட்காரச் சொன்னேன். பழக்க தோஷம், வாயில் அதே கேள்விதான் வந்தது.

"உங்க பாடு எப்போம்மா?"

"இன்னிக்குத்தான் சார். கரையில வலை ஏத்திக்கினு இருக்கான். ஜீப்பு இப்போ போனா புடிச்சிடலாம்."

"பாடு போயிடுமேம்மா."

"போவட்டும். பாடு முடியட்டும்னு இன்னிக்குத் திரும்பிப் போனேன்னா, நாளைக்கு நான் வர மாட்டேன் சார். வரதுக்கு இருக்கவும் மாட்டேன்."

ஜீப்பை அனுப்பிவிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வலது கையால் கையெழுத்துப் போட முடியவில்லை. இடது பெருவிரலில் மை தடவி ரேகை வைக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு பெண் காவலரைக் கூட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அந்த மாதம் அந்த ஒரு கைதுதான். ஏன் இவ்வளவு குறைவு என்று அதற்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இதற்கு முன் வந்த பெண்களை நான் திருப்பி அனுப்பிவிட்டேன், இந்தப் பெண் போக மறுத்துவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.