மல்லி நகர மறுத்த காலை

ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கும் பொன்னுவேலுக்கு மூக்கு நுனியில் கோபம். அடிபட்டவரைப் பூப்போலத் தூக்குவான். கூட வரும் சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தால் போதும், எரிந்து விழுவான். மலைப்பாதை வளைவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அவன் மடியிலேயே உயிரை விட்டதிலிருந்துதான் இப்படி. மூன்று புகார் சேர்ந்துவிட்டது. இன்னொன்று வந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவோம் என்று சொல்லித்தான் அவனை ஏற்காட்டு ஏரிக்கரைக்கு, கோபத்தை அடக்கப் பழக்கும் குதிரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

குதிரையாவது மண்ணாவது என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். அந்த வண்டியை விட்டால் வேறு எந்த வேலையும் அவனுக்குப் பிடிக்காது, அதுதான் கொடுமை.

குதிரைக்காரி கனகா சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி நடத்துகிறவள். மாதம் ஒருநாள் ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆட்களுக்கென்று மல்லி என்ற பெண் குதிரையை ஒதுக்கிவைப்பாள். கயிற்றைப் பிடித்து மல்லியை வேலியோரமாக ஒரு சுற்று நடத்தி வரவேண்டும், அவ்வளவுதான் பயிற்சி.

ஆம்புலன்ஸ்காரன் புத்தி எங்கே போகும்? வாட்சைப் பார்த்தான். "வா, வா, சீக்கிரம்" என்று இழுத்தான். மல்லி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. இன்னும் இழுத்தான். காதைப் பின்னால் மடித்தது.

"ஏனுங்க, அவளையும் ஸ்ட்ரெச்சர்ல ஏத்தப் போறீங்களா?" என்றாள் கனகா.

"நகர மாட்டேங்குதுங்க."

"நீங்க நொம்ப நேரமா மூச்சே விடலைங்க. பக்கத்துல ஒரு ஆளு மூச்சப் புடிச்சுட்டு நின்னா, என்னமோ ஆபத்துன்னு அவ நெனச்சுக்குவாளுங்க. பயந்துதான் நிக்கறா. நீங்களும் அப்படித்தானுங்களா?"

பொன்னுவேலுக்குச் சுருக்கென்றது. கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தான், வந்தது அழுகை. "ஆமாங்க. ஒவ்வொரு தடவையும் பயமாத்தான் இருக்குது. அந்தப் புள்ள மாதிரி ஆயிருமோன்னு."

கனகா வேலியில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்து அவன் நீளமாக மூச்சு விட்டபோது, மல்லியும் பயம் தெளிந்து தலையைத் தாழ்த்தி வெறும் வாயை மென்றது. அப்புறம் அவன் நடக்க, அதுவும் கூடவே நடந்தது.

இரண்டு வாரம் கழித்து நாகலூரில், மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய வெங்கடேஷ் ஏணியோடு விழுந்து மயங்கிவிட்டான். வண்டி போய் நின்றதுமே அவன் அப்பா ஐயாக்கண்ணு பொன்னுவேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "வர்றதுக்கு இவ்வளவு நேரமாடா?"

நான்காவது புகாரும் வந்த மாதிரிதான் என்று டிரைவர் டோமினிக் பதறினார். பொன்னுவேல் நின்று ஒரு மூச்சு விட்டான். "பயமா இருக்குதுங்களா? எனக்கும் அப்படித்தானுங்க. ஏறுங்க, ரெண்டு பேருமாப் பையனப் பாத்துக்கலாம்."

ஐயாக்கண்ணுவின் பிடி தளர்ந்தது. சேலம் போகிற வரைக்கும் மகனின் காயத்தில் போட்ட துணிக்கட்டை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் பொன்னுவேலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனார்கள். வழியிலேயே வெங்கடேஷ் கண் விழித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் மறித்தார். "சொந்தக்காரங்க ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

ஐயாக்கண்ணு பொன்னுவேலை முன்னே தள்ளிவிட்டார். "இவரு போகட்டுமுங்க. எங்க ஊட்டு ஆளு."