ஷூவுக்குள் ஒரு துண்டு ஃபோம்

“நீங்க படிச்சவங்க, எழுதிக்கிட்டுப் போயிடுவீங்க பாப்பா. எங்க கால் வலி எங்ககிட்டயேதானே இருக்கும்?”

நோட்டும் கேள்விகளுமாக எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கூடப் பிறந்தவரல்ல, ஜீவனஹள்ளியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். பொம்மசந்திராவில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் அம்மாவும் அவரும் ஒரே பேக்கிங் லைனில் ஒப்பந்த வேலை பார்த்தார்கள். ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கேள்வி சுருக்கென்றது. அப்படி விட்டுவிட்டுப் போகிறவள் நானில்லை என்று சற்று வேகமாகவே சொன்னேன்.

இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தொழில்முனைவுப் பாடம். ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பொருள் செய்து, நடுவர்கள் முன் காட்ட வேண்டும். வகுப்பில் பெரும்பாலானவர்கள் செல்போன் செயலி செய்தார்கள். நான் நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கு ஷூ உள்மெத்தை செய்தேன். உண்மையில் யோசனை என்னுடையதல்ல. கம்பெனி தரும் கெட்டி ஷூவுக்குள், பேக்கிங்கில் மிஞ்சிய ஃபோமை வெட்டிக் குதிகாலுக்கு மட்டும் இரண்டு மடிப்பாக வைப்பது அக்காவின் கைப்பழக்கம். லைனில் பாதிப் பேர் அவர் வெட்டிக் கொடுத்ததைத்தான் போட்டிருந்தார்கள். நான் அதை அளந்து ரப்பரில் வார்த்தேன், அவ்வளவுதான். படிவத்தில் ‘நிறுவனர்’ என்ற இடத்தில் கல்லூரி அடையாள அட்டை உள்ளவர்கள் மட்டுமே வரலாம். அக்காவை ‘பயனாளர்’ என்று எழுதினேன். அப்போது அது உறுத்தவில்லை.

வழிகாட்டியாக இருந்த சார், பயனாளரின் முகம் தெரிகிற வீடியோ வேண்டும் என்றார். அக்காவின் ஷூவில் இருந்த ஃபோம் கறுத்து நைந்திருந்தது. கேமராவில் நன்றாக இருக்காது, புதுத் துண்டாகக் கொண்டுவாருங்கள் என்று கேட்டேன். மறுநாளே கொண்டுவந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனிச் சட்டையோடு எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, எப்படி வெட்டுவது என்று அழகாகச் செய்து காட்டினார்.

லைனுக்குள் அந்த ஃபோமை யார் வைத்துக்கொண்டாலும் கேட்பதில்லை. கேட்டைத் தாண்டினால் கழிவும் கம்பெனிச் சொத்து, எடுத்தவள் திருடி. அம்மாவுக்கும் அக்காவுக்கும் இது தெரியும். பக்கம் பக்கமாகக் கேள்வி தயாரித்த நான் அதைக் கேட்கவே இல்லை.

கல்லூரியில் முதல் பரிசு கிடைத்தது. வீடியோவைக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, பெருமையில் எதையும் யோசிக்காமல் கம்பெனி பஸ்ஸில் சீட் சீட்டாகப் போய் அதைக் காட்டினாள்.

நான்காம் நாள், வீடியோவைப் பார்த்துவிட்ட சூப்பர்வைசர் அக்காவின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார். “நாளெயிந்த பரபேடம்மா” என்று கன்னடத்தில் சொன்னாராம், இனி வர வேண்டாம் என்பதை மரியாதையாகவே. பதிவேட்டில் திருட்டு என்று எழுதிவிட்டதால் அந்தப் பகுதியில் வேறு ஒப்பந்தக்காரர்களும் அவரைச் சேர்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து அம்மா சாதம் போட்டபடியே, “கொண்டுவரச் சொன்னது நீ, பஸ்ஸுல காமிச்சது நானு. ரெண்டு பேருமாச் சேர்ந்து அவளை அனுப்பிட்டோம்” என்றாள்.

அக்காவைப் பார்க்கப் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ போட்டுக் கொடுத்தார். நான் கேட்டதால்தான் எடுத்ததாகக் கம்பெனியில் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா உன் பேரையும்தான் எழுதுவாங்க. நீ இனிமேதானே வேலை தேடணும்? எனக்கு வீட்டு வேலையாவது கெடைக்கும், உட்று.”

இப்போது காக்ஸ் டவுனில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். வீட்டுக்குள் ஷூ ஏது? வெறுங்காலோடு தரையில் நிற்கிறார். நான் செய்த மெத்தை அவருக்கு மட்டும் பயன்படாது.

சாரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கல்லூரிப் பக்கத்திலிருந்து வீடியோவையும் நீக்க வைத்தார். ஆனால் போட்டியின் அடுத்த சுற்று முடியும்வரை இதை வெளியே பேச வேண்டாம், எழுத்தில் கொடுத்தால் என் மேல் ஒழுங்கு நடவடிக்கை வரும், வளாக நேர்காணலில் உட்கார முடியாமல் போகலாம் என்றார். ஒரு வாரம் நானும் பேசாமல்தான் இருந்தேன்.

நேற்று வகுப்புக்குப் போகாமல் பொம்மசந்திராவுக்கு பஸ் ஏறினேன். வீடியோவுக்காகப் புது ஃபோமைக் கேட்டது நான், அக்கா எனக்காகவே அதைக் கொண்டுவந்தார் என்று இரண்டு பிரதி எழுதி, முழுப் பெயரும் கல்லூரிப் பதிவெண்ணும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். ஒன்றைக் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். மற்றதைத் திரும்பும் வழியில் கல்லூரி முதல்வரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.