இடம் பத்தாத வரைபடம்

அந்த விளையாட்டில் உலகத்துக்கு ஓர் அளவு உண்டு. புது உலகம் ஒன்றை உண்டாக்கப் போனால், சின்னதா, நடுத்தரமா, பெரியதா என்று முதலில் கேட்கும். நாங்கள் எடுத்த எடுப்பிலேயே பெரியதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அப்படியும் எங்கள் ரப்பர் தோட்டம் அதற்குள் அடங்கவில்லை.

நாங்கள் என்றால் நானும், நான் வேலை பார்த்த கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்த ஓர் அண்ணனும். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. அலோர் காஜா டவுனில் ஒரு சீன முதலாளியின் கடை, தவுக்கே என்போம். பில் போடுவது, போன் எடுப்பது, கண்ணாடி அலமாரியில் இருக்கும் மானிட்டர்களைத் துடைத்து வைப்பது என் வேலை. வெயில் உச்சிக்கு வந்தபின் கடைக்கு ஈ காக்கை வராது. தவுக்கே உள்ளே போய்ப் படுத்துவிடுவார். அந்த நேரத்தில்தான் நாங்கள் உலகம் படைத்தோம்.

அந்த விளையாட்டு கோட்டை கட்டிச் சண்டை போடுவதற்கானது. எங்களுக்குச் சண்டையில் ஆர்வமில்லை. அதனுடன் வந்த இன்னொரு வசதிதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. கட்டம் கட்டமாக நிலம் போட்டு, மரம், வீடு, ஆறு, பாதை எல்லாவற்றையும் நம் இஷ்டப்படி வைக்கலாம். ரெம்பியா பக்கம் நாங்கள் இருவரும் குடியிருந்த தோட்டம் ஒன்றுதான். அதை விற்கப் போகிறார்கள், எல்லோரும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று பேச்சு கிளம்பியிருந்தது. "அப்படியே இதுக்குள்ள வச்சிடுவோம் தங்கச்சி, யாரும் விக்க முடியாதுலா" என்றார் அண்ணன்.

வேலையைத் தொடங்கியபின்தான் சிக்கல் தெரிந்தது. அளவு சரியாக வைத்தால் பால் நிறுக்கும் ஸ்டோரும் கோயிலும் வருவதற்குள் கட்டங்கள் தீர்ந்துபோயின. அதனால் குறுக்குவழிகள் கண்டுபிடித்தோம். ஒரு நிரை ரப்பர் மரத்துக்குப் பதில் ஒரே ஒரு மரம். ஒன்றும் இல்லாமல் நீண்டு கிடக்கும் மண் ரோட்டில் நடுவே பாதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினோம். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு அதில் இருந்ததிலேயே சின்ன வீடு. எல்லாவற்றையும்விட நல்ல தந்திரம் ஓரங்களில்தான் இருந்தது. வரைபடம் முடிகிற இடத்தில் மரத்தை நெருக்கமாக நட்டுவிட்டால், அதற்கு அப்பாலும் தோட்டம் போய்க்கொண்டே இருப்பதாக ஆட்கள் நம்பிவிடுவார்கள். அதைக் கண்டுபிடித்தது நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அண்ணன் கோயில் லயத்துக்காரர். அவருடைய அப்பாதான் கோயில் தலைவர். நான் ஆற்றோர லயம். சாதி என்ற சொல்லை எங்கள் தோட்டத்தில் யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து, அம்மா தண்ணீர் கொண்டுவந்தால், "இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்" என்பார்கள். எல்லோருமே எப்போதும் இப்பத்தான் குடித்திருப்பார்கள். அவ்வளவுதான்.

திருவிழாவில் ரதமும் அப்படித்தான். கோயிலிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு லயமாக வந்து வாசலுக்கு வாசல் நிற்கும், அர்ச்சனை வாங்கும். ஆற்றோர லயத்துக்குப் பிரியும் முனைக்கு வந்ததும் திரும்பிவிடும். நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு முனைக்குப் போய் நிற்போம். பாதை சேறு, சக்கரம் பதிந்துவிடும் என்று அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். பிறகு அந்தப் பாதைக்கும் தார் போட்டார்கள். அப்போது கரண்டு கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். கம்பியையும் உயர்த்திக் கட்டியபின் யாரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விளையாட்டில் கொடி நட்ட இடங்களுக்கெல்லாம் வரிசையாகப் போகும் ஒரு வண்டி இருந்தது. அதை ரதமாக்கினோம். நான் மவுஸைப் பிடித்துக் கொடி நட்டுக்கொண்டே வந்தேன். முனைக்கு வந்தபோது மிச்சமிருந்தது சில கட்டங்கள்தான்.

"இதோட போதும்ணே, இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு அங்கே மரங்களை நெருக்கி நட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்காமல் விட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. திரையில் என் வீடு இருந்தால், இன்ன இடத்துப் பெண் நான் என்பதும் திரையில் இருக்கும். கடையில் நான் வெறும் பில் போடுகிற பெண். அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வரைபடத்தைப் பற்றி அண்ணன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். தலைவருக்கு ஒரே சந்தோஷம். கம்ப்யூட்டரைத் திருவிழாவன்று கோயில் மண்டபத்தில் வைத்து எல்லோருக்கும் காட்டுவோம் என்று முடிவாகிவிட்டது. தவுக்கேயும் விளம்பரம் ஆகுமே என்று சம்மதித்தார். செய்தி ஆற்றோர லயம் வரைக்கும் வந்துவிட்டது.

அப்பா அந்த வாரம் டவுனுக்கு வந்தவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் வேலையை விட்டுவிட்டு, சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய் ஆலையில் புல் வெட்டும் காண்டிராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் அப்போது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் இன்னும் கூச்சமாகப் போகும் என்று விட்டுவிட்டேன்.

திரையில் ஸ்டோரைக் கண்டுபிடித்தார், கோயிலைக் கண்டுபிடித்தார். விரலால் பாதையைப் பிடித்துக்கொண்டே வந்தார். மரங்கள் வந்ததும் விரல் நின்றது.

"நம்ம வீடு எங்க பாப்பா?"

"இடம் பத்தலப்பா. கம்ப்யூட்டருக்கு இவ்வளவுதான் இடம்."

"ஆமா ஆமா. இடம் இல்லன்னா என்ன செய்யறது" என்றார்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். ஏன் எங்களை மட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சேறு என்றபோதும், கம்பி என்றபோதும் இதே முகத்தோடுதான் ஆமா ஆமா என்றிருப்பார். அந்தக் காரணங்களைச் சொன்னவர்களாவது வெளியாட்கள். நான் அவர் மகள், அவர்கள் சொன்ன அதே காரணத்தைக் கம்ப்யூட்டருக்கு மாட்டிவிட்டு அவருக்கே கொடுத்துவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனபின் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் தவுக்கே படுத்ததும் வேலையை ஆரம்பித்தேன். இடம் இல்லை என்பது பொய். குன்றின்மேல் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் பங்களா இருந்தது, அதைச் சுற்றிப் புல்வெளி. எல்லாவற்றையும் சுருக்கிய நாங்கள் அதை மட்டும் சுருக்கவே இல்லை. அது எங்களுக்குத் தோன்றவும் இல்லை. அந்தப் புல்வெளியில் பாதியை எடுத்தேன். மொத்த தோட்டத்தையும் அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தேன். ஆற்றோரத்தில் கட்டங்கள் காலியாகின. மரங்களைப் பிடுங்கிவிட்டு, லயத்தை வைத்து, எங்கள் வீட்டு வாசலில் கடைசிக் கொடியை நட்டேன். வண்டி முனைக்கு வந்தது, திரும்பாமல் நேரே போனது. எவ்வளவு சுலபம் என்று எரிச்சலாக வந்தது.

அண்ணனிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வண்டியை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"வச்சது வச்சதாவே இருக்கட்டும். நான் கை வைக்க மாட்டேன்" என்றார். பிறகு, "எங்கப்பா ஏதாவது கேட்டா எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலலா" என்றார்.

திருவிழாவுக்கு முதல் நாள் அப்பாவை நானே கடைக்கு வரச் சொன்னேன். உட்கார வைத்தேன். வண்டியை ஓடவிட்டேன். ரதம் ஒவ்வொரு லயமாக நின்று வந்தது. முனையைத் தாண்டியது. எங்கள் வாசலில் வந்து நின்றது.

அப்பா எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு அவர் அறியாமலே இடுப்புக்கு வந்துவிட்டது. சாமியைக் கண்டால் அப்படிச் செய்வார். தலைவரைக் கண்டாலும் அப்படித்தான் செய்வார். எதற்காகச் செய்தார் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

அவர் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எடுத்துடு பாப்பா."

"ஏன்பா?"

"நாளைக்கு எல்லாரும் பார்ப்பாங்க. நாமளே கூப்பிட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்."

"இது வெறும் விளையாட்டுப்பா."

"உனக்கு விளையாட்டு. நீ கடைக்கு வந்துடுவ. நான் அங்கதான நிக்கணும்."

நான் வாதாடினேன். இனிமேல் எத்தனை நாள் அந்தத் தோட்டத்தில் இருக்கப் போகிறோம், யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். நான் எடுக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். கொடியைப் பிடுங்கினேன், லயத்தை அழித்தேன், மரங்களைத் திரும்ப நட்டேன். முதல் தடவை மரங்களை நட்டு மறைத்தபோது எனக்கு நிம்மதியாவது இருந்தது.

மறுநாள் மண்டபத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. "தோ பாரு நம்ம வீடு", "ஐயோ நம்ம குழாயடி" என்று ஆளுக்கு ஆள் திரையைத் தொட்டார்கள். நான் மவுஸோடு உட்கார்ந்திருந்தேன். தலைவர் என்னைக் கெட்டிக்காரப் பெண் என்று நாலு பேர் முன்னால் பாராட்டினார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்.

வெளியே உண்மையான ரதம் போய்த் திரும்பி வந்திருந்தது. எங்கள் லயத்துக்காரர்கள் வழக்கம்போல முனையில் நின்று அர்ச்சனை செய்துவிட்டு மண்டபத்துக்கு வந்தார்கள். அப்பாவும் வரிசையில் நின்றார். தான் ஏற்கெனவே பார்த்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதுபோல் புதிதாகப் பார்த்தார். பக்கத்தில் தலைவரின் மனைவி நின்றிருந்தார். நல்ல மனதோடுதான் கேட்டார், குத்தலாக இல்லை.

"உங்க வீடு எங்கங்க இருக்கு இதுல?"

அண்ணன் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன்.

அப்பா சிரித்தார். விபூதி ஒட்டியிருந்த விரலால் கோயிலைத் தொட்டார், பாதையைத் தொட்டார், மரங்களைத் தாண்டினார். திரை முடிந்து மானிட்டரின் பிளாஸ்டிக் ஓரம் வந்தது. அதில் விரலை வைத்து அழுத்தினார்.

"எங்க வீடு இங்க வருங்கம்மா. கம்ப்யூட்டருக்கு இடம் பத்தலயாம்" என்றார். நான் சொன்ன பொய்யை எனக்காக அவர் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் ஆமா ஆமா என்றார்கள்.

மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்குத் திரும்பி வந்தது. கோயில் புகை பட்ட மானிட்டரைப் பார்த்துத் தவுக்கே முகத்தைச் சுளித்தார். துடைத்து அலமாரியில் வை என்றார். கண்ணாடி முழுக்க ஆட்களின் கைரேகை. பிளாஸ்டிக் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரே ஒரு விரல் தடம். கண்ணாடியைத் துடைத்தேன். மேல் பக்கம், பின் பக்கம் எல்லாம் துடைத்தேன். அந்த ஓரத்தைக் கடைசிவரைக்கும் தொடாமல் வைத்திருந்தேன். தவுக்கே வந்து பக்கத்தில் நின்றார். அதையும் துடைத்தேன்.