ஒழுங்கைகள் வளர்த்த பிள்ளைகள்

தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்த என் சக மருத்துவமாதுகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பிள்ளையை நிறுக்கப் போனால் தெருவையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டிவரும். யுத்த காலத்துக் கொழும்பில் என் வேலை அது. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து கண்ணைச் சொருகவைக்கும். குடைக்குள் பாதி நித்திரையில் நடந்தது போலத்தான் அந்த வருசங்கள் இப்போது நினைவில் இருக்கின்றன.

இனிப்பு

கொட்டாஞ்சேனையில் நெருக்கி அடித்த வரிசை வீடுகளில் ஒன்றில் செல்வி இருந்தாள். ஹற்றன் பக்கத்துப் பெண். புருசனைச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வயது மகள் மாலாவுக்கு நிறை ஏறவில்லை. பல்லெல்லாம் கறுத்துப் போயிருந்தது. செல்வி சோறு ஊட்டினால் பிள்ளை வாயை இறுக்கிக்கொள்ளும்.

ஒரு காலை முழுவதும் அங்கேயே இருந்து பார்த்தேன். தகப்பன் இல்லாத பிள்ளை என்று போவோர் வருவோரெல்லாம் டொபியும் பிஸ்கட்டும் நீட்டினார்கள். இரக்கத்திலேயே அதன் வயிறு நிறைந்துவிட்டது. தெருமுனைக் கடை முஸ்லிம் நானாவிடம், இனிப்பு வேண்டாம், முட்டை கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. மாலா தேறத் தொடங்கினாள். ஆனால் நானாவுக்கு மனம் ஆறவில்லை.

"முட்டை குடுக்கிறது சரி மிஸ்ஸி. அவட அப்பா வார வரைக்கும் புள்ளைய ஆரு சிரிக்க வைக்கிற?"

கோச்சி

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட ஒரு லொட்ஜ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தாய், கனடாவில் இருக்கும் புருசன் கூப்பிடுவார் என்று ஒற்றை அறையில் காத்திருந்தா. மகன் குகனுக்கு நாலு வயது. கதைக்க மாட்டான், ஏதும் வேண்டுமென்றால் தாயின் காதுக்குள் மூச்சுவிடுவான். டொக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். ஊரில் பங்கருக்குள் சத்தம் போடாதே என்றார்கள். இங்கேயும், லொட்ஜ்காரர் அறையை விட்டு எழுப்பிவிடுவார் என்று அதையே சொன்னார்கள். பிள்ளை சொல்வழி கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பின்னேரங்களில் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். பொலிஸ் மறித்து விசாரிக்கும் என்று பயந்தா. ஆனாலும் பொலிஸில் பதிந்த துண்டைக் கையில் பிடித்தபடி போகத் தொடங்கினா.

ஒருநாள் நானும் கூடப் போனேன். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி வந்தது. குகன் அதைப் பார்த்து வாயை அகலத் திறந்தான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டி போனதும் அவன் குரல் மட்டும் தனியாகக் கடலுக்கு மேலே நின்றது, மெல்லிய, தெளிந்த குரல். தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"கோச்சி போகேக்க கத்து, ஒருத்தருக்கும் கேக்காது எண்டு சொன்னனான். இப்ப கோச்சி இல்லாமலும் கதைக்கிறான், மிஸ்."

கொடி

பாமன்கடையில் மாடியறை ஒன்றில் வாசுகி முதல் பிள்ளையோடு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். புருசன் விடிந்தால் புறக்கோட்டைக் கடைக்குப் போய்விடுவார். சாப்பாடு இறங்கவில்லை, பால் வற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்று இப்படிப் படுத்த ஒருத்தியை நான் முன்பு இழந்திருக்கிறேன். அதனால் அடிக்கடி போனேன்.

புதிதாகத் தமிழ் ஆட்கள் வந்திருப்பது தெரியக்கூடாதென்று வீட்டுக்காரி முன்பக்கம் துணி காயப்போட விடவில்லை. அறைக்குள் ஈரத் துணி, பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பிள்ளைத் துணியை மட்டுமாவது வெயிலில் போட விடுங்கள் என்று மன்றாடிச் சம்மதிக்க வைத்தேன்.

அடுத்தமுறை நான் போயிருந்தபோது எதிர்வீட்டுச் சிங்களப் பெண் ஒரு குவளை இலைக்கஞ்சியோடு படியேறி வந்தா. பிள்ளையின் பக்கம் திரும்பவேயில்லை. கட்டிலில் இருந்துகொண்டு வாசுகியின் சிக்குத் தலையை வாரிவிடத் தொடங்கினா. வாசுகி விம்மி விம்மி அழுதாள், பிறகு கஞ்சியைக் குடித்தாள். அதன்பின் அந்தக் கஞ்சி தினமும் வந்தது. மெல்ல மெல்லப் பாலும் வந்தது. முதல்நாளே, ஏன் வந்தீர்கள் என்று அவவிடம் கேட்டிருந்தேன்.

"கொடியில துணி கண்டது. குழந்தை பாக்க நிறைய ஆள் வரும். நான் அம்மா பாக்க வந்தது."

இந்தப் பிள்ளைகளெல்லாம் எப்படித் தேறினார்கள், என்ன மருந்து கொடுத்தாய் என்று மேலதிகாரிகள் கேட்கும்போதெல்லாம், விளங்கப்படுத்தும் அலுப்பில் பஞ்சிப்பட்டு, விற்றமின் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.