ராசியான கை

எங்கள் வீட்டு விசேஷங்களில் சாப்பிட்டு வெற்றிலை போட்டதும் சித்தப்பா ஒரு கதை சொல்வார். போன மாதம் சிதம்பரத்தில் நடந்த காதுகுத்திலும் சொன்னார். ஆறு வயதில் நான் போனில் அழுது, அம்மாவைக் கடையிலிருந்து ஓடிவர வைத்த கதை. "இவ அப்பவே பெரிய நடிகை" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் நானும் சிரித்திருக்கிறேன், அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த முறை கையில் எடுத்த வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அவர் சொல்லாமல் விடுகிற பகுதியை நான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் அம்மாவுக்கு வேலை, பட்டுப் பிரிவில். கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுக்க ஒரு குடும்பமே திரண்டு வரும். நல்ல நேரத்தில் வந்து உட்கார்ந்து, ராகு காலம் பிறப்பதற்குள் பில் போட்டாக வேண்டும். வெள்ளை விரிப்பில் முதல் புடவையைப் பிரித்துப் போடுகிறவருக்கு ராசியான கை இருக்க வேண்டும். அம்மாவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. கம்மாபுரத்திலிருந்தெல்லாம் வந்து, "அந்த ஒசரமா இருப்பாங்களே, அவுங்க இல்லியா?" என்று கேட்பார்களாம். தை முகூர்த்தங்கள் முடிந்ததும் பட்டுப் பிரிவையே அவள் பொறுப்பில் விடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த நாட்களில் அம்மா துணி துவைக்கும்போதுகூடப் பாடிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் வேறு யாருக்கும் அந்தச் சந்தோஷம் இல்லை. "சின்னப் புள்ளைய வுட்டுட்டு அப்புடி என்ன வேல வேண்டிக் கெடக்கு" என்று அத்தை வரும்போதெல்லாம் ஆரம்பிப்பார். அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போனால் நான்கு நாள் கழித்து வருவார். அவர் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதாக யாரும் சொன்னதில்லை. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா, அம்மா இல்லாத நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தண்டனை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அம்மா ஆக்கி வைத்துவிட்டுப் போன மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிடும்போது மட்டும் அந்த முகம் இருக்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் பீச்சில் சித்தப்பாவுக்குக் கிரிக்கெட் மேட்ச். என்னைக் கூட்டிக்கொண்டு போக அவருக்குக் கௌரவக் குறைச்சல். நாலு மணி வாக்கில் என்னைத் தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கூட்டிப்போனார்.

"வயித்த வலிக்குதுன்னு சொல்லு. அழுதுகிட்டே சொல்லணும், அப்பதான் வருவாங்க. கோன் ஐஸ் வாங்கித் தரேன்."

கடையில் வேலை செய்கிறவர்கள் செல்போனைக் காலையிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். வீட்டிலிருந்து பேசினால் கல்லாவில் இருக்கிற போனுக்குத்தான் பேச வேண்டும். கல்லாக்காரர் எடுத்தார். நான் அழுதேன். வயிற்று வலி போதாது என்று எனக்கே தோன்றியதோ என்னவோ, "மண்ட ஒடஞ்சிருச்சு, ரத்தமா வருது" என்றேன். சித்தப்பா ஒரு கணம் திகைத்துப்போய், பிறகு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அங்கே நடந்ததை அம்மாவோடு வேலை பார்த்த ஓர் அக்கா நான் காலேஜ் படிக்கும்போது சொன்னார். ராகு காலத்துக்கு இன்னும் கால் மணி நேரம். அரக்குச் சிவப்புப் புடவை ஒன்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அம்மா அதை விரிப்பில் முழுதாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள். கல்லாக்காரர் இருந்த இடத்திலிருந்தே கத்தியிருக்கிறார்: "ஒங்க பொண்ணுக்கு மண்ட ஒடஞ்சு ரத்தமாம்மா."

புடவை ஓரத்தில் கால் விரல் பட்டால்கூடப் புதிதாக வந்த பெண்களைக் கண்டிக்கிறவள் அம்மா. அன்று எழுந்தவள் அந்தக் கூறைப் புடவையை மிதித்துத் தாண்டிக்கொண்டு ஓடினாளாம். கல்யாணப் பெண்ணின் தாயார் கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். ரத்தம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது, புடவையில் கால் பட்டுவிட்டது. மொத்தக் குடும்பமும் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டது. கல்லாக்காரர் கத்தியதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இன்னும் அந்தக் கல்லாவில்தான் இருக்கிறார் என்று அந்த அக்கா சொன்னார்.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. அவள் வருவதைப் பார்த்ததும் சித்தப்பா நண்பரின் வண்டியில் ஏறிப் போய்விட்டார். நான் கோன் ஐஸோடு வாசலில் நின்றேன்.

"எங்கம்மா? எங்க அடிபட்டிருக்கு?"

"ஏமாந்துட்டியா?" என்று சிரித்தேன்.

அவள் காதில் அது ஏறவேயில்லை. என் தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் தேடினாள். தேடி முடித்த பிறகுதான் உட்கார்ந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை.

மறுநாள் கடைக்குப் போனவள் பத்து மணிக்கே திரும்பிவிட்டாள். முதலாளி மரியாதையாகத்தான் பேசினாராம். இனிமேல் அவள் கையால் முதல் புடவையை எடுத்தால் பார்ட்டிகள் யோசிப்பார்கள் என்றாராம். மத்தியானம் லாரியை விட்டு இறங்கி வந்து விஷயத்தைக் கேட்ட அப்பா, "நல்லதாப் போச்சு, புள்ளையப் பாரு" என்றார். சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி மேட்சில் அரை சதம் அடித்த கதையைத்தான் கேட்டார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இருவரையும் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா இனிமேல் வீட்டில் இருப்பாள் என்பதுதான். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ரத்தம் வருதுன்னு சொல்லச் சொன்னது யாரு? சித்தப்பாவா?"

"இல்ல. அவுரு வயித்து வலின்னுதான் சொல்லச் சொன்னாரு. ரத்தம் நானே சொன்னது."

அம்மாவின் கை நின்றது. பிறகு பின்னி முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்ததற்கு ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று, அன்று தூங்கும்வரை நான் அவளோடு பேசவில்லை.